ஆண்டு விழாவுக்கென்று சொல்லிச் செய்த பூக்கள்

சிவப்பு கிரேப் தாளை ஈரக் கையால் தொடக் கூடாது. தொட்டால் சாயம் விரலில் ஏறிவிடும். சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் இரண்டு நாளைக்குப் போகாது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, தை மாதக் கடைசியில், என் கைகள் எந்நேரமும் ஈரமாகவே இருந்தன. பயத்தில் வியர்த்த ஈரம். சாயங்காலம் அம்மா தட்டை நீட்டும்போது விரல்களை மடக்கியபடி வாங்குவேன். "என்னடி கையெல்லாம் சாயம்?" என்று ஒருநாள் கேட்டுவிட்டாள். "ஸ்கூல்ல ஆண்டு விழாம்மா, பூ செய்றோம்" என்றேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, என் கல்யாணத்துக்கான இரண்டு மாலைகள்.

நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவே ஒரு சிறிய ஊரில், தனியார் பள்ளி ஒன்றில் நான் கணக்கு டீச்சராக இருந்தேன். அப்பாவுக்கு நன்செய் நிலம் இருந்தது. துபாயிலிருந்து திரும்பியிருந்த அண்ணன்தான் விவசாயத்தைப் பார்த்துக்கொண்டான். நான் விரும்பியவர் எங்கள் போர்செட் மோட்டாரைப் பழுது பார்க்க வந்தவர். வேறு தெரு. எங்கள் பக்கத்தில் வேறு தெரு என்று சொன்னால் அதற்குமேல் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். எனக்குக் கும்பகோணத்தில் மாப்பிள்ளை பார்த்து, பங்குனியில் நிச்சயம் என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள்.

வீட்டுக்குத் தெரியாமல் பதிவுத் திருமணம் செய்துகொள்வது என்று நாங்கள் முடிவெடுத்தோம். பதிவுக்கு முன்னால் மாலை மாற்றிப் படம் எடுக்க வேண்டும். அந்த மாலையை எங்கே வாங்குவது என்பதுதான் கேள்வி. முந்தைய வருஷம் பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி இப்படிக் கிளம்பியபோது, சேதி போனது பூக்கடையிலிருந்துதான். ஒரு ஜோடி மாலை சொன்னால் கடைக்காரர் முதலில் கேட்பது, "எந்த வீட்டுக் கல்யாணம்?" என்று. அவளைப் பேருந்து நிலையத்திலேயே பிடித்துக் காரில் ஏற்றினார்கள். அதன் பிறகு அவளை யாரும் பார்க்கவில்லை. பெங்களூரில் அத்தை வீட்டில் இருக்கிறாள் என்றார்கள். அப்படி ஓர் அத்தை இருந்ததாக ஊரில் யாருக்கும் தெரியாது.

இதையெல்லாம் நான் சொன்னது எங்கள் பள்ளி ஓவிய டீச்சரிடம் மட்டுமே. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். சொந்த ஊர் முத்துப்பேட்டை, கணவர் சவுதியில். மூன்று வயது மகளோடு பள்ளிவாசலுக்குப் பின்னால் வாடகை வீட்டில் இருந்தார். அதிகம் பேச மாட்டார். நான் அழுது முடிக்கும்வரை பர்தாவின் நுனியைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு, "மாலைதான வேணும்? ஆண்டு விழாவுக்குத் தாள் வாங்கப் போறேன். கூட ரெண்டு கட்டு வாங்கினா யாரு கேக்கப் போறா?" என்றார்.

மறுநாளிலிருந்து பள்ளி விட்டதும் ஓவிய அறையில் உட்கார்ந்தோம். அவர் தாளை இதழ் இதழாக வெட்டிக் கொடுப்பார். நான் ஒவ்வோர் இதழின் நடுவிலும் கட்டை விரலை வைத்து இழுத்துக் குழிவாக்குவேன். இதழ்களைச் சுற்றிச் சுற்றி அடியில் நூலால் இறுக்கினால் ரோஜா. வெள்ளைத் தாளை ஒல்லியாக முறுக்கினால் சம்பங்கி. காகிதம் தோளில் நிற்காது என்று உள்ளே பழைய புடவைக் கிழிசலைத் திரித்து வைத்தார். வாசனைக்கு நாட்டு மருந்துக் கடையிலிருந்து வெட்டிவேர் வாங்கிவந்து இடையிடையே செருகினார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் நான் பூவைக் கீழே போட்டுவிடுவேன். அவர் குனிந்து எடுத்துத் தருவார். "பயப்படுங்க டீச்சர், தப்பில்ல. பயந்தவங்கதான் கதவ ஒழுங்காத் தாழ் போடுவாங்க" என்பார். இதைச் சொல்லும்போது அவர் குரல் சாதாரணமாகத்தான் இருக்கும். இந்த அம்மாவுக்குப் பயமே கிடையாது என்று நான் நினைத்தேன். பல வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாலைகள் முடிந்த அன்று பள்ளி வாசலில் ஒரு புல்லட் வந்து நின்றது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். ஒளித்து வைக்க நேரம் இல்லை. அண்ணன் நேராக ஓவிய அறைக்குள் வந்துவிட்டான்.

"இந்தப் பக்கம் வந்தேன், அப்படியே கூட்டிட்டுப் போலாம்னு..." என்றவன் மேசையைப் பார்த்தான். ஒரு மாலையைத் தூக்கினான். "கல்யாண மாலை மாதிரி இருக்கு. யாருக்கு?"

ஓவிய டீச்சர் கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலேயே சொன்னார்: "நாடகத்துல ராஜாவுக்கும் ராணிக்கும் சார். ஏழாவது படிக்கிற புள்ளைங்க."

அண்ணன் சிரித்தான். மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, போனை என்னிடம் நீட்டி, "எடு ஒரு போட்டோ" என்றான். எடுத்தேன். முதல் படம் கலங்கிவிட்டது. இன்னொன்று எடுக்கச் சொன்னான். "பேசாம உன் கல்யாணத்துக்கும் இவங்களையே செய்யச் சொல்லிடலாம் போலிருக்கே" என்றான். அவன் என்மேல் பிரியமாக இருந்தான் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். என் பயத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

அடுத்த சனிக்கிழமை எங்கள் வயலில் அறுவடை. வீட்டு ஆண்கள் எல்லோரும் மெஷினோடு நின்றார்கள். ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டு நான் ஒரு பேருந்திலும், சார்ட் தாள் பையில் மாலைகளை வைத்துக்கொண்டு ஓவிய டீச்சர் அடுத்த பேருந்திலும் மயிலாடுதுறை போய்ச் சேர்ந்தோம். நான் விரும்பியவரின் நண்பர் வீட்டு மாடி. இரண்டு நண்பர்கள், ஒரு வக்கீல், எலுமிச்சைச் சாதம் ஒரு தூக்கில். காகித மாலை செல்லாமல் போய்விடுமோ என்று வக்கீலிடம் கேட்டேன். "சட்டத்துல மாலை மாத்திக்கிட்டாப் போதும்னுதாம்மா இருக்கு. என்ன மாலைன்னு இல்ல" என்றார். மாலை மாற்றியபோது என் கை வியர்வையில் சாயம் ஊறி, என் கணவரின் வெள்ளைச் சட்டைக் காலரில் சிவப்பாக இறங்கியது. அதைப் பார்த்து நான் வீறிட்டேன். சாயம்தான் என்று புரியச் சற்று நேரம் பிடித்தது.

"சாப்பிட்டுட்டுப் போங்க டீச்சர்" என்று கெஞ்சினேன். "நாலு மணிக்கு நான் வீட்டுல இருந்தாத்தான் யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு, எந்த ஊரிலிருந்து நான் ஓடி வந்தேனோ அந்த ஊருக்கே தனியாகப் பேருந்து ஏறிப் போனார்.

மூன்றாம் நாள் காவல் நிலையத்தில் இரண்டு வீட்டாரையும் கூப்பிட்டுப் பேசினார்கள். அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. அண்ணன் மேசையிலிருந்த கல்யாணப் படத்தை எடுத்து வெகுநேரம் பார்த்தான். பிறகு தன் போனை எடுத்து எதையோ தேடினான். எதைத் தேடுகிறான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவன், எழுந்து வெளியே போனான்.

அப்போதே நான் ஓவிய டீச்சரை எச்சரித்திருக்க வேண்டும். என் போன் அணைந்திருந்தது. ஆனால் கேட்டால் தருவதற்கு அங்கே நாலு பேர் இருந்தார்கள். கேட்கவில்லை. அந்த அழைப்பை வைத்து நாங்கள் தங்கியிருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயந்தேன். அப்படி யாரும் கண்டுபிடிக்க முடியாது என்று இன்று தெரிகிறது. அன்றும் பாதி தெரிந்துதான் இருந்தது.

அன்று மாலையே அண்ணன் ஆட்களோடு அவர் வீட்டு வாசலில் நின்றதைப் பின்னால் இன்னொரு டீச்சர் சொல்லித்தான் அறிந்தேன். "ஆமா, நான்தான் செஞ்சேன். அவங்க எங்க இருக்காங்கன்னு எனக்குத் தெரியாது" என்று இடுப்பில் குழந்தையோடு திரும்பத் திரும்ப அதையே சொன்னாராம். ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பள்ளியில் அந்த வாரமே வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அவர் முத்துப்பேட்டைக்கே போய்விட்டார்.

நாங்கள் தஞ்சாவூரில் குடியேறினோம். வேலை கிடைத்தது, மகன் பிறந்தான். அப்பா இறந்ததற்கும் யாரும் சொல்லி அனுப்பவில்லை. ஓவிய டீச்சரின் எண் என்னிடம் இருந்தது. முதலில் பயத்தால் கூப்பிடவில்லை, பிறகு வெட்கத்தால். போன புரட்டாசியில் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு முத்துப்பேட்டைக்கே போய்விட்டேன்.

கதவைத் திறந்தவர் உடனே அடையாளம் கண்டுகொண்டார். டீ போட்டுக் கொடுத்தார். பதினைந்து வயது மகளைக் கூப்பிட்டு, "இவங்கதான் அந்தக் கணக்கு டீச்சர்" என்றார். மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். "உங்களுக்கு அன்னிக்குப் பயமே இல்லையா டீச்சர்?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் என்னை வியப்பாகப் பார்த்தார். "பயமா? உங்கள விட்டுட்டுத் திரும்பினேனே, நம்ம ஊரு ஸ்டாப்புல இறங்கவே கால் வரல டீச்சர். கண்டக்டர் கத்துறாரு, நான் ஒக்காந்தே இருக்கேன். அடுத்த ஸ்டாப்பு, வாய்க்கால் பாலத்துல எறக்கி விட்டுட்டாரு. புள்ள பக்கத்து வீட்டுல இருக்கே, போகாம முடியுமா? அங்கேருந்து நடந்து வந்தேன்."

திரும்பும்போது மன்னார்குடியில் பேருந்து மாறினேன். பன்னிரண்டு ஆண்டுகளாக எங்கள் ஊர் வழியாகப் போகும் அந்தச் சாலையில் நான் போனதே இல்லை, சுற்றிக்கொண்டுதான் போவேன். எங்கள் ஊருக்கு முந்தைய நிறுத்தத்தில், வாய்க்கால் பாலத்தில், இறங்கிவிட்டேன். தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு நடந்தேன். இரண்டு பக்கமும் அப்போதுதான் நட்டு முடித்த சம்பா. வயலில் நின்ற யாரோ நிமிர்ந்து பார்த்தார்கள். பின்னால் வந்த ஒவ்வொரு வண்டிக்கும் முதுகு கூசியது. ஒருமுறை மைல்கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பி ஓடிவிட நினைத்தேன். ஓடவில்லை.

ஊர் நிறுத்தத்துக்கு வந்து சேர இருபது நிமிடம் ஆனது. என்னை யாரும் அடையாளம் காணவில்லை. அடுத்து வந்த தஞ்சாவூர் பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது.