சரக்கு ரயிலுக்கு வெளியே கேட்ட சத்தம்

அன்று வீட்டில் இருந்தது நானும் அம்மாவும் பக்கத்து வீட்டுச் சித்தியும். அப்பா இல்லை, அச்சங்குளம் பக்கம் பட்டாசுக் கம்பெனிக்குக் காலை வேனிலேயே போய்விட்டார்.

நாஜிகள் யூதர்களைக் கொன்றொழித்த காலத்தைப் பற்றிய படம் ஒன்றைப் போட்டிருந்தேன். அதன் கேமராவும் ஒலியும் பார்ப்பவரை எப்படி உள்ளே இழுக்கின்றன என்று கல்லூரிக்குக் கட்டுரை எழுத வேண்டும். அதற்காகவே நண்பனிடம் பெரிய ஸ்பீக்கர் இரவல் வாங்கியிருந்தேன்.

கேமரா ஒரு சரக்கு ரயில் பெட்டியை விட்டு வெளியே வருவதே இல்லை. நெரிசலுக்குள் ஒரு பெண்ணின் பிடரி மட்டும் தெளிவாகத் தெரியும், மற்றதெல்லாம் கலங்கல். வெளியே நாய்கள், பூட்ஸ் கால்கள், இரும்புத் தாழ்ப்பாள். எல்லாம் சத்தமாக மட்டும்.

“ஏலே, கேமராக்காரன் உறங்கிட்டானா? ஒரு கழுத்தையே எம்புட்டு நேரம் பாக்க?” என்றாள் அம்மா.

“நம்ம கம்பெனி வேன்ல நெருக்கிட்டுப் போனாலும் அம்புட்டுத்தானக்கா தெரியும்,” என்று சித்தி சிரித்தாள்.

அப்போது பெட்டிக்கு வெளியே, எங்கோ தூரத்தில், ‘தொம்’ என்றது. எங்கள் வீட்டுக் கதவு அதிர்ந்தது. அம்மா தெருவுக்கு ஓடிவிட்டாள். அவளும் கம்பெனியில் வேலை பார்த்தவள்தான்; சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் வெட்டவெளிக்கு ஓட வேண்டும் என்பது அங்கே பழக்கம். சித்தியும் பின்னாலேயே ஓடினாள்.

“படம்மா!” என்று கத்தினேன். நம்ப வைப்பதற்காக அந்த இடத்தை மறுபடி ஓட்டினேன். மறுபடியும் ‘தொம்’.

“கம்பெனில ரெண்டாவது மருந்து ரூமும் வெடிச்சுப் போச்சே!” என்று தெருவில் யாரோ அலறினார்கள்.

அம்மா அப்பாவுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கம்பெனி வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் அம்மா மறுபடி மறுபடி போட்டாள். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது: முதல் சத்தம் ஸ்பீக்கரில் இருந்து வந்ததுதானா?

கம்பெனிக்குப் போக ஆட்டோ பிடித்தோம்; அம்மா டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். பின்னால் இருந்த எனக்கு அவளுடைய பிடரிதான் தெரிந்தது. புகை தெரிகிறதா என்று எட்டிப் பார்க்கத் தைரியமில்லை. அந்தப் படம் மாதிரிதான்: காட்டியிருந்தால் ஒன்றைத்தான் பார்த்திருப்பேன். காட்டாததால் என்னென்னவோ பார்த்துக்கொண்டு போனேன்.

கம்பெனி அப்படியே நின்றது. வாட்ச்மேன் கூப்பிட்டதும், புருவத்தில் பட்டாசு மருந்தின் வெள்ளித் தூளோடு அப்பா ஓடி வந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

“என்னலே, வீட்ல யாருக்கு என்ன?”

அம்மா அவர் கைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். நான்தான் விஷயத்தைச் சொன்னேன்.

“படத்துல வெடிச்சதுக்கா ஆட்டோ பிடிச்சு வந்தீக?” என்றார் வாட்ச்மேன்.

அப்பா சிரிக்கவில்லை. அவர் விரல்களின் நடுக்கம் நிற்கவே இல்லை. நடுங்கும் கையோடு மருந்தைத் தொடக்கூடாது என்று போர்மேன் அவரை எங்களோடு அனுப்பிவிட்டார்.

ஆட்டோவுக்கு அறுநூறு, அப்பாவுக்குப் போன அரைநாள் கூலி முந்நூற்று ஐம்பது. ஆக, படத்தில் கேட்ட ‘தொம்’முக்கு எங்களுக்கு ஆன செலவு தொள்ளாயிரத்து ஐம்பது ரூபாய்.