ஸ்டெல்லா அக்காவின் பேய் வீடு

வண்டலூர் தாண்டி சிக்னலுக்காக ரயில் நின்றிருந்தபோது அந்தப் போன் வந்தது. மறைமலை நகரில் நான் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தேன். மறுமுனையில் பேசியது ஓர் இளம்பெண்.

"உமா மேடங்களா? ஸ்டெல்லா மேடம் வேலை செய்யற லேப்லேர்ந்து பேசறேன். மேடம் காலைல திடீர்னு மயங்கி விழுந்துட்டாங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்..."

அதற்குமேல் அந்தப் பெண்ணால் சொல்ல முடியவில்லை. அடுத்த ஸ்டேஷனில் இறங்கி எதிர் பிளாட்பாரத்துக்கு ஓடினேன்.

உள்ளதைச் சொல்கிறேன். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, பயம். சேலையூரில் எங்கள் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் இரண்டே வீடுகள். ஒன்று அவருடையது, மற்றது என்னுடையது. இன்று மாலை படியேறிப் போனால் எதிர்க்கதவு பூட்டியிருக்கும். நான் சரியான பயந்தாங்கொள்ளி. அது அக்காவுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

அவரை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். ஸ்டெல்லா அக்கா தாம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கும் வேலையில் இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாதாகோயிலில் ஞாயிறு பூசையைத் தவறவிட மாட்டார். தம்பி பிரான்சிஸ் பெங்களூரில். குட்டையான உருவம், பெரிய கண்ணாடி, கையில் எப்போதும் டெட்டால் வாசனை. ஊசியைக் கண்டு நடுங்குகிறவர்களிடம் எல்லோரும் "அந்தப் பக்கம் பாருங்க" என்பார்கள். அக்கா அப்படிச் சொல்ல மாட்டார். ஊசியைக் கண்ணுக்கு நேரே காட்டுவார். "மொதல்ல நல்லா பாத்துடுங்க. அப்புறம் பயப்படலாம்" என்பார். பார்த்தபிறகு பாதிப்பேருக்குப் பயம் போய்விடும், மீதிப்பேருக்கு அதற்குள் ரத்தமே எடுத்து முடிந்திருக்கும்.

ஆனால் குழந்தைகளிடம் இந்த வித்தை பலிக்கவில்லை. எங்கள் குடியிருப்பில் டெங்கு சமயத்தில் அக்காவிடம் கை நீட்டாத பிள்ளையே கிடையாது. அதனால் அவருக்கு 'ஊசி ஆன்ட்டி' என்று பெயர். அவர் படியேறி வரும் சத்தம் கேட்டால் விளையாடிக்கொண்டிருக்கும் கூட்டம் கலைந்து ஓடும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டி நிற்கும் சில வாண்டுகள். அக்கா சிரித்துக்கொண்டே போய்விடுவார். உள்ளே அது அவரை உறுத்தியிருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்த வருஷம் பிள்ளைகள் பள்ளியிலிருந்து ஹாலோவீன் என்று ஒரு வார்த்தையைக் கொண்டுவந்தார்கள். அக்டோபர் கடைசி நாள், வெளிநாட்டில் வீட்டைப் பேய் வீடு மாதிரி அலங்கரித்துக் கொண்டாடுவார்களாம். அக்கா அதைக் கேட்டுவிட்டு என்னிடம் சொன்னார்: "எப்படியும் என்னைப் பாத்து பயப்படறாங்க உமா. ஒழுங்கா கூப்பிட்டு, ஸ்வீட் குடுத்து, நல்லாவே பயமுறுத்திடலாம்னு இருக்கேன்."

கடையில் ஒரு பொருள் வாங்கவில்லை அவர், வீட்டில் இருந்ததே போதும் என்றார். பஞ்சுச் சுருளை மெல்லியதாகப் பிய்த்து ஜன்னல் மூலைகளில் இழுத்து ஒட்டினார், சிலந்தி வலை ஆயிற்று. கறுப்பு சார்ட் பேப்பரை இரண்டாக மடித்து ஒரே வெட்டு, வௌவால். பேப்பர் கப்பில் ஓட்டை போட்டுக் கண் வைத்தார். ரப்பர் கையுறையில் தண்ணீர் நிரப்பி மணிக்கட்டில் நூலால் முடிச்சுப் போட்டு ஃப்ரீசரில் வைத்தார். மறுநாள் உறையைக் கிழித்தால் உள்ளே ஒரு பனிக்கட்டிக் கை. அதை அகலமான பாத்திரத்தில் ரோஜா சர்பத்தில் மிதக்கவிட்டார். கையுறையும் பஞ்சும் மெடிக்கல் ஷாப்பில் வாங்கியவை. லேபிலிருந்து ஒரு துண்டுப் பஞ்சு எடுத்து வரமாட்டார்.

பூசணிக்காய்தான் பெரிய கூத்து. வெளிநாட்டில் மஞ்சள் பூசணியைக் குடைவார்களாம். நம் கடையில் அது கீற்றாகத்தான் கிடைக்கும். ஆயுத பூஜை முடிந்து சீந்துவாரில்லாமல் கிடந்த வெள்ளைப் பூசணி ஒன்றை அக்கா தூக்கிவந்தார். குடைந்து எடுத்ததை மோர்க்குழம்பு வைத்துவிட்டு, கண்ணும் வாயும் வெட்டிக் காய வைக்க வாசலில் வைத்தார். சாம்பல் பூத்த அந்த முகம் பிணம் மாதிரியே இருந்தது. ஒரு மணி நேரத்தில் அதைக் காணோம். வாட்ச்மேன் ஏழுமலை மேலே வந்து பெருமையாகச் சொன்னார்: "இன்னாமா, திருஷ்டி சுத்திட்டு ஒடைக்காம வுட்டுகீறீங்க. கண்ணு மூக்குலாம் வெட்டி வச்சிகினு இப்படியா வாசல்ல வுடறது? நானே கற்பூரம் ஏத்தி முக்குல ஒடச்சிட்டேன்." அக்கா "ரொம்ப தேங்க்ஸ் ஏழுமலை" என்று சொல்லி மோர்க்குழம்பு கொடுத்து அனுப்பிவிட்டு, மறுபடி கடைக்குப் போய் இன்னொரு காய் வாங்கி வந்தார்.

பிள்ளைகள் வந்தார்கள். அலறினார்கள், சர்பத்தைக் குடித்தார்கள், பேய் வீட்டை விட்டுப் போக மாட்டேன் என்றார்கள். அதற்குப் பிறகு மாடிப்படியில் யாரும் ஓடவில்லை.

கோயிலில், பக்கத்துக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அவருடைய அன்பியக் கூட்டத்தில் ஒரு பெரியவர் மட்டும் கோபித்துக்கொண்டார். கிறிஸ்தவ வேதக்காரர் வீட்டில் பேயை வைக்கலாமா என்று கேட்டாராம். "ரெண்டு நாள் கழிச்சுக் கல்லறைத் திருநாள் வருது. செத்தவங்களுக்கு மெழுகுவத்தி ஏத்தி பூ வைக்கப் போறோம். அங்க மட்டும் பயப்படாமயா போறோம்?" என்று அக்கா திருப்பிக் கேட்டிருக்கிறார்.

இதெல்லாம் எனக்கு வேடிக்கையாக இருந்தது, என் கணவர் சேகர் போகும்வரை.

அவர் போனது எங்கள் ஹாலில், டிவிக்கு எதிரே இருந்த நாற்காலியில். நான் சமையலறையிலிருந்து காப்பியோடு வந்தேன், அவர் தலை சாய்ந்திருந்தது. அவ்வளவுதான். அன்றிலிருந்து விளக்கு வைத்த பிறகு அந்த ஹாலில் என்னால் கால் வைக்க முடியவில்லை. சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிடுவேன். எல்லா விளக்கையும் போட்டுவிட்டுப் படுக்கையறைக் கதவைத் தாழிட்டுக்கொள்வேன். ஹாலில் நாற்காலி நகர்கிற மாதிரி கேட்கும். இருபத்தைந்து வருஷம் கூட வாழ்ந்த மனிதரைக் கண்டா இப்படி நடுங்குகிறோம் என்று வெட்கமாகவும் இருக்கும். வீட்டை விற்றுவிட்டு மதுரையில் அண்ணன் வீட்டோடு போய்விடுவது என்று முடிவு செய்துவிட்டேன். புரோக்கரிடமும் சொல்லியாயிற்று.

அந்த அக்டோபரில் மழை பலமாகப் பெய்து அக்காவின் வீட்டுக் கூரை ஒழுக ஆரம்பித்தது. "உமா, இந்த வருஷம் உன் ஹாலைக் குடு" என்றார். மற்ற யார் கேட்டிருந்தாலும் முடியாது என்று சொல்லியிருப்பேன்.

பகலெல்லாம் வேலை செய்தோம். பேய் செய்ய வெள்ளைத் துணி வேண்டும் என்றார். அலமாரியின் அடித்தட்டில் கை விட்டு, பழைய பெட்ஷீட் என்று நினைத்து ஒன்றை உருவிக் கொடுத்தேன். இருட்டத் தொடங்கியபோது நான் காப்பி போட சமையலறைக்குப் போனேன். அதற்குள் அக்கா ஊதிய பலூனைத் தலையாக வைத்து அதன்மேல் துணியைப் போர்த்தி, ஃபேனில் கட்டித் தொங்கவிட்டார். எங்கள் பக்கம் மழை பெய்தால் முதலில் போவது கரண்ட். அன்றும் போனது. "தீப்பெட்டி எடுத்துட்டு வரேன்" என்று சொல்லி அக்கா தன் வீட்டுக்குப் போய் வந்து, பூசணிக்குள் மெழுகுவத்தியை ஏற்றிவிட்டு, இன்னொன்று கொண்டுவர மறுபடி போயிருக்கிறார்.

நான் காப்பியோடு ஹாலுக்கு வந்தேன். நாற்காலிக்கு மேலே, அந்தப் பூசணி முகத்தின் வெளிச்சத்தில், பச்சைக் கரை போட்ட வேட்டி ஆடிக்கொண்டிருந்தது. சேகரின் வேட்டி.

டம்ளர்கள் விழுந்த சத்தம் கேட்டுத்தான் அக்கா ஓடிவந்தார். நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். "அவர்... அவர் வேட்டி" என்றேன். வேறு யாராக இருந்தாலும் அதை உடனே அவிழ்த்து எறிந்திருப்பார்கள். அக்கா போன் டார்ச்சைப் போட்டு வேட்டிமேல் அடித்தார். என் கையைப் பிடித்து எழுப்பினார்.

"மொதல்ல பாத்துடு உமா. அப்புறம் பயப்படலாம். நான் பக்கத்துலதான் நிக்கறேன்."

பார்த்தேன். கரைக்கு மேலே இஸ்திரிப் பெட்டி சுட்ட பழுப்புத் தழும்பு இருந்தது. கல்யாணமான புதிதில் நான் சுட்டது. அந்த இடத்தை உள்ளே மடித்துக் கட்டிக்கொண்டு சேகர் எத்தனையோ விசேஷங்களுக்கு வந்திருக்கிறார், ஒருநாளும் குறை சொன்னதில்லை. அந்தத் தழும்பை விரலால் தொட்டேன். ஒரு வருஷமாக அந்த ஹாலில் நின்று அழாத அழுகையை அப்போது அழுதேன். அக்கா காத்திருந்தார். பிறகு, "எடுத்துடவா, இருக்கட்டுமா?" என்று கேட்டார்.

"இருக்கட்டும்கா."

பிள்ளைகள் வந்து வழக்கம்போல் அலறினார்கள். ஒரு வாண்டு மட்டும் நிமிர்ந்து பார்த்து, "இந்தப் பேய் ஏன் வேட்டி கட்டியிருக்கு?" என்றது. "இன்னைக்கு ஆபீஸ் லீவு" என்றார் அக்கா. நான் சிரித்துவிட்டேன். அடுத்த வாரம் புரோக்கருக்குப் போன் செய்து வீட்டை விற்கவில்லை என்று சொன்னேன். அதற்குப் பிறகு எல்லா வருஷமும் பேய் வீடு என் ஹாலில்தான்.

இப்போது அவரே போய்விட்டார்.

அவருடைய சாவி என்னிடம் இருந்தது. அடக்கத்துக்கு உடுத்த நீலப் பட்டுப் புடவையை எடுத்துவரும்படி பிரான்சிஸ் கேட்டபோது, ஏழுமலையைக் கதவருகே நிற்கவைத்துவிட்டுத்தான் உள்ளே போனேன். சாப்பாட்டு மேஜையில் வெட்டிய வௌவால்கள் கிடந்தன. ஒன்று பாதி வெட்டில் கத்தரிக்கோலோடு இருந்தது. புடவையை எடுத்துக்கொண்டு திரும்பிப் பாராமல் வந்துவிட்டேன். அடக்கம் முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது பிரான்சிஸ், "ஃப்ரிட்ஜை மட்டும் காலி பண்ணி நிறுத்திடுங்கக்கா" என்றார். சரி என்றேன். போகவில்லை.

சாயங்காலமானால் பூட்டிய கதவுக்குப் பின்னால் அந்த ஃப்ரிட்ஜின் மோட்டார் ஓடத் தொடங்கும், கொஞ்ச நேரம் உறுமும், நிற்கும். என் வீட்டுக்குள் இருந்தாலும் கேட்டது. பழைய பயம் அப்படியே திரும்பி வந்துவிட்டது. மறுபடி சமையலறையில் நின்று சாப்பிட்டேன். மறுபடி படுக்கையறைக் கதவைத் தாழிட்டேன். மதுரைக்குப் பேசலாம் என்று அண்ணனின் நம்பரை எடுத்தும் விட்டேன். பிள்ளைகளின் அம்மாக்கள் என்னிடம் வந்து, "இந்த வருஷம் வேணாம் ஆன்ட்டி, எதிர்ல சாவு விழுந்த வீடு" என்றார்கள். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

அக்டோபர் கடைசி நாள் மத்தியானம், மழை இருட்டிக்கொண்டு வந்தது. இருட்டிவிட்டால் இன்றும் முடியாது என்று தெரிந்தது. சாவியை எடுத்துக்கொண்டு போனேன். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டைக் காலி செய்தேன். ஃப்ரீசரைத் திறந்தேன்.

ஒரு கை இருந்தது. ஐந்து விரலையும் விரித்து என்னை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தது.

கதவை அறைந்து மூடிவிட்டு வாசல்வரை ஓடினேன். வாசலில் நின்றபடியே என் வீட்டுக் கதவைப் பார்த்தேன். அங்கே போய்த் தாழிட்டுக்கொண்டால் அப்புறம் இந்த மாடியில் நான் குடியிருக்க முடியாது. அது நிச்சயம். பக்கத்தில் நிற்க இப்போது அக்கா இல்லை.

முதலில் பார்த்துவிடு, உமா.

திரும்பிப் போய்த் திறந்தேன். இந்த வருஷத்துக்கென்று முன்னாலேயே செய்து வைத்திருக்கிறார். மணிக்கட்டில் நூல் முடிச்சு, ரத்தம் எடுக்கும்போது கையில் கட்டும் பட்டைக்குப் போடுவாரே, அதே ஒற்றை இழுப்பில் அவிழும் முடிச்சு. இழுத்தேன், அவிழ்ந்தது. உறையைக் கிழித்துக் கையை என் கைக்குள் பிடித்துக்கொண்டேன். குளிர் எலும்புவரை சுட்டது. அவர் கடைசியாகத் தொட்டுக் கட்டி வைத்த தண்ணீர் என் விரலிடுக்கில் சொட்டிக்கொண்டிருந்தது. விடுவதற்கு மனம் வரவில்லை.

ஃப்ரிட்ஜை நிறுத்திவிட்டு வந்து, என் ஹாலில் வேட்டியைக் கட்டினேன். பாதி வெட்டியிருந்த வௌவாலை வெட்டி முடித்தேன். சர்பத் கரைத்து அந்தக் கையை மிதக்கவிட்டு, கதவை அகலத் திறந்து வைத்தேன். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். பின்னாலேயே அம்மாக்களும் வந்தார்கள். அன்று யாரும் அலறவில்லை.

"இது யார் கை?" என்று வேட்டி வாண்டு கேட்டது. இப்போது வளர்ந்துவிட்டாள், ஆறாம் வகுப்பு.

"ஸ்டெல்லா ஆன்ட்டி செஞ்சு வச்சது."

ஒருகாலத்தில் அவரைக் கண்டால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டியவள்தான் அவள். குனிந்து, சர்பத்துக்குள் கை விட்டு, அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "பை ஆன்ட்டி" என்றாள். அவளுக்குப் பின்னால் ஒரு வரிசை நின்றது. எல்லோரும் குலுக்கி முடிப்பதற்குள் விரல்கள் தேய்ந்து, கட்டைவிரல் மட்டும் நின்று, அதுவும் கரைந்து சர்பத்தோடு கலந்துவிட்டது.

நாளை மறுநாள் கல்லறைத் திருநாள். மெழுகுவத்தி வாங்கி வைத்திருக்கிறேன். இதை எழுதுவது ஹாலில், அந்த நாற்காலியில் உட்கார்ந்து. வேட்டி இன்னும் ஃபேனில்தான் தொங்குகிறது. எதிர்வீட்டில் இப்போது மோட்டார் சத்தம் இல்லை, அந்த அமைதியும் பயமாகத்தான் இருக்கிறது.

பார்த்துவிட்டேன் அக்கா. போய் வாருங்கள். நான் இங்கேதான் இருப்பேன்.