மாமாவின் கோபம் போன இடம்

அடையாறில் எங்களோடு இருந்த மாமாவின் கோபம் தெருமுனை இஸ்திரி வண்டி வரை பிரசித்தம். குழாய் சொட்டினால் கத்துவார். லாரித் தண்ணீர் காலத்தில் அது நியாயம்தான். ஆனால் பாடகர் குழுவில் யாராவது சுருதி பிசகினால், ஆலயம் என்றும் பாராமல், ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்த மாமா அதன் மேலிருந்த பாட்டு நோட்டைத் தூக்கி வீசுவார்.

அப்படிப்பட்டவர் ஒரு கன்வென்ஷன் ஜெபக் கூட்டத்துக்குப் போய்வந்து, தனக்குக் கிருபை கிடைத்துவிட்டது, இனிக் கோபமே வராது என்றார். தகுதி பார்த்துத் தந்ததல்ல, சும்மா கிடைத்தது என்றும் சொன்னார்.

"எங்கண்ணன் ஆளே மாறிட்டாருங்க" என்றாள் அம்மா.

"கிறிஸ்மஸ் வரைக்கும் தாங்குதான்னு பாப்போம்" என்றார் அப்பா.

சும்மா கிடைத்த பொருள் எத்தனை நாள் உழைக்கும் என்று எனக்கும் தெரிய வேண்டியிருந்தது. வயது பத்து, பள்ளியில் அப்போதுதான் பரிசோதனை என்ற சொல்லைக் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

முதலில் அவருடைய செருப்பில் ஒன்றை ஒளித்தேன். வெறுங்காலோடு ஆராதனைக்குப் போனார். அடுத்து, காபியில் உப்பு. முழுவதும் குடித்துவிட்டு, "இன்னிக்கு காபி வேற மாதிரி இருக்கே" என்றார்.

கிறிஸ்மஸ் காலையில், மாமா குழுவுக்கு மூன்று மாதம் பயிற்சி கொடுத்திருந்த பாட்டின் கடைசித் தாளை நோட்டிலிருந்து கிழித்து, என் ஜாமெட்ரி பாக்ஸில் மறைத்தேன். நோட்டைப் பார்க்காமல் அவருக்கு ஒரு வரிகூட வாசிக்க வராது. நிறைந்த சபைக்கு முன் பக்கத்தைப் புரட்டினார். ஆர்கன் நின்றது. பெண்கள் ஒரு ராகத்திலும் ஆண்கள் இன்னொன்றிலும் கொஞ்சதூரம் ஓடி நின்றார்கள். வாலிபர் வரிசையில் சிரிப்பு. நோட்டு பறக்கும் என்று நான் குனிந்துகொண்டேன். மாமா அதை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் குளியலறைக்குள் போய்த் தாழிட்டு, குழாயை முழுதாகத் திறந்துவிட்டார். பத்து நிமிடம் தண்ணீர் ஓடியது. வெளியே வந்தபோது அவர் மேல் ஒரு சொட்டு ஈரமில்லை. லாரித் தண்ணீரை இப்படி வீணாக்குகிறாரே என்று எனக்குத்தான் கோபம் வந்தது. (இன்று கோபம் வரும்போது நானும் குழாயைத் திறந்து பார்க்கிறேன். தொட்டிதான் காலியாகிறது.)

அடுத்த ஞாயிறு, ஆலயத்துக்குக் கிளம்பும்போது நோட்டை என்னிடம் நீட்டினார். "இனிமே இது உன் பொறுப்பு, மருமகனே."

திறந்தேன். கடைசித் தாள் அதன் இடத்திலேயே இருந்தது, செல்லோடேப் ஒட்டி. ஓடிப்போய் ஜாமெட்ரி பாக்ஸைப் பார்த்தேன், காலி.

இது அற்புதம் என்று முடிவுகட்டினேன். அன்றைக்கே ஓய்வுநாள் பள்ளியில் சாட்சியும் சொன்னேன்: பாட்டு நோட்டில் காணாமல்போன தாளைத் தேவதூதன் ஒருவன் கொண்டுவந்து ஒட்டிவிட்டுப் போனதாக. எப்படிக் காணாமல் போனது என்பதை மட்டும் விட்டுவிட்டேன். டீச்சர் அல்லேலூயா என்றார். வாசலில் எனக்காகக் காத்திருந்த மாமாவும் சொன்னார், கொஞ்சம் தாமதமாக.