ஈரத்தில் தெரியாத சொரசொரப்பு

எனக்கு எழுபத்தெட்டு வயதாகிறது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நான்கு நான் பெற்றது. ஐந்தாவது என் தங்கை பெற்றது. தங்கை பிரசவத்திலேயே போய்விட்டாள். துணியில் சுற்றி என்னிடம்தான் கொடுத்தார்கள். ஐவரையும் ஒன்றாகத்தான் வளர்த்தேன் என்று நானே சொல்லிக்கொள்வேன், அதில் எனக்குக் கூச்சம் கிடையாது. இங்கே சொல்லப்போவது அந்த ஐந்தாவது பெண்ணைப் பற்றி.

ஆம்பூரில் ஷூ கம்பெனிகள் பெருகிக்கொண்டிருந்த காலம் அது. நான் வெகுநாள் தோல் பதனிடுகிற ஷாப்பில், தோல் ஷாப் என்போம், அங்கே வேலை செய்து, சுண்ணாம்புத் தண்ணீரில் கை வெந்துபோய், ஒரு மோல்டு பட்டறைக்கு மாறியிருந்தேன். ஷூவுக்கு அடியில் இருக்கிறதே சோல், அதை வார்ப்பதற்கான இரும்பு அச்சைத்தான் மோல்டு என்பார்கள். பட்டறையைப் பெருக்குவது, துடைப்பது, கெரசினை வடிகட்டுவது என் வேலை.

கெரசின் எதற்கு என்று கேட்பீர்கள். அங்கே ஒரு ஸ்பார்க் மிஷின் இருந்தது. சூடேற்றி இறுக்கிய இரும்பில் சாதாரண உளியோ துளைக்கிற ஊசியோ ஏறாது, உடைந்துபோகும். இந்த மிஷின் இரும்பைத் தொடவே தொடாது. தொட்டியில் கெரசினை நிரப்பி இரும்பை அதில் முக்கிவைப்பார்கள். மேலேயிருந்து ஒரு செம்புக் கட்டை இறங்கிவந்து மயிரிழை தள்ளி நிற்கும். நடுவில் பொறி பறக்கும். ஒவ்வொரு பொறியும் இரும்பில் ஒரு துளியைப் பிய்த்துக்கொண்டு போகும். செம்பில் என்ன உருவம் வெட்டியிருக்கிறதோ அது அப்படியே இரும்பில் பள்ளமாக இறங்கும். எந்நேரமும் தாளிக்கிற சத்தம்தான். பிய்ந்து வரும் கரியெல்லாம் கெரசினில் கலந்துவிடும். அதை வடிகட்டிக் கொடுத்தால்தான் பொறி ஒழுங்காகப் பறக்கும்.

என் பெண் ஐ.டி.ஐ. படித்துவிட்டு அதே பட்டறைக்கு வந்தாள். பொம்பளை அந்த மிஷினில் நிற்பது ஃபோர்மேனுக்குப் பிடிக்கவில்லை. முதலாளியை நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவரும் தோல் ஷாப்பிலிருந்து வந்தவர், நல்ல மனுஷன். அவர் ஒரு முடிவு சொன்னார்.

"இந்த ஒரு மோல்ட அவ போடட்டும். நல்லா வந்தா மிஷின் அவகிட்ட இருக்கட்டும். வரலன்னா பேக்கிங்குக்குப் போய்டட்டும். அப்புறம் யாரும் பேசக்கூடாது."

அவளுக்கு அந்த மிஷின் மேல் உயிர். பேக்கிங்குக்குப் போனால் படித்த படிப்பே வீண் என்று இருந்தாள்.

முதலில் கரண்டை ஜாஸ்தி வைத்து ஓட்டினாள். அப்போது பொறி பெரிதாக விழும், இரும்பு வேகமாகக் கரையும், ஆனால் பள்ளம் முழுக்கச் சொரசொரவென்று இருக்கும். பிறகு கரண்டைக் குறைத்தாள். பொறி சின்னதாக விழுந்தால் குழியும் சின்னதாக விழும், வேலை நத்தை மாதிரி நகரும். இன்னும் ஒரு தடவை குறைத்து ஓட்ட வேண்டியிருந்தபோது பாய் வந்தார். ஷூ கம்பெனியிலிருந்து போன் மேல் போன்.

தொட்டியை வடியவிட்டு, கெரசின் சொட்டச் சொட்ட அந்தப் பள்ளத்தில் கட்டைவிரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"மாஷா அல்லா! கன்னுக்குட்டித் தோல் மாதிரி இருக்கு. எடு, எடு."

"இன்னும் ஒரு வாட்டி கம்மி கரண்ட்ல ஓட்டணும் பாய்."

"இன்னாம்மா இன்னும் ஓட்டப் போற? இரும்ப மைசூர்பாகா ஆக்கப் போறியா? எடும்மா."

நானும் பக்கத்தில் நின்று தொட்டுப் பார்த்தேன். என் விரலுக்கும் வழவழவென்றுதான் இருந்தது. மோல்டை எடுத்துப் போனார்கள்.

மறுநாள் திரும்பி வந்தது. சோல் அச்சை விட்டு வரவே இல்லை. பிடுங்கினால் கிழிகிறது, முகமெல்லாம் பொரிப்பொரியாக இருக்கிறது. ஃபோர்மேன் கிழிந்த சோலை எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்டினார்.

"பாத்தீங்களா பாய்? வடை சுடச் சொல்லியிருந்தா நல்லா சுட்டிருக்கும்."

பாய் அவளைப் பார்க்கவில்லை. "நாளையிலருந்து நீயே மிஷின பாத்துக்கோப்பா" என்று ஃபோர்மேனிடம் சொல்லிவிட்டு ரூமுக்குள் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து நான்தான் கத்தினேன். "போதும் எடுன்னு சொன்னது அந்த ஆளு, பழி உனக்கா? நான் போய் கேக்கறேன் பாரு."

அவள் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தாள். "வேணாம் பெரிம்மா. பாய் பொய் சொல்லல. அவரு கை அவருக்கு அப்படித்தான் சொல்லிச்சு. உனக்கும்தானே?"

தோல் ஷாப்பில் பதம் பார்ப்பதெல்லாம் ஈரத்தில்தான். தண்ணீர் சொட்டுகிற தோலை விரலால் நீவி, இது முதல் தரம், இது கழிவு என்று பிரித்துப்போட்டுப் பழகிய கைகள் எங்களுடையவை. கெரசினும் கரியும் சேர்ந்து அந்தக் குழிகளை அடைத்துக்கொண்டு வழுக்கும் என்று அந்தக் கைகளுக்கு எப்படித் தெரியும்?

காலையில் அவள் நேரே பாய் ரூமுக்குப் போனாள். அவளைத் தனியே விட எனக்கு மனசில்லை, துடைப்பத்தோடு வாசலிலேயே நின்றேன்.

"பாய், பேக்கிங்குக்குப் போறேன். அதுக்கு முன்னாடி அதே இரும்புல ஒரு துண்டு குடுங்க. மதியம் வரைக்கும் மிஷின் குடுங்க."

பாய் "போ. செய்" என்றார்.

அந்தத் துண்டில் அவள் மூன்று இடத்தில் பொறி விட்டாள். ஒன்று ஜாஸ்தி கரண்டில், ஒன்று நடுவாக, ஒன்று ரொம்பக் கம்மியில். எடுத்து ஈரத்தோடு பாயிடம் நீட்டினாள். அவர் தேய்த்துப் பார்த்தார்.

"முதல்ல இருக்கறது கொஞ்சம் முரடு. மத்த ரெண்டும் ஒண்ணுதான்."

அவள் பெட்ரோல் ஊற்றிக் கழுவி, பனியன் துணியால் துடைத்து, வெயிலில் காட்டிவிட்டு மறுபடி கொடுத்தாள். பாயின் விரல் நடு இடத்தில் நின்றுவிட்டது. போனது, திரும்பி வந்தது. மூன்றாவதைத் தொட்டார். மறுபடி நடுவைத் தொட்டார்.

"மோல்டு இந்த நடுவுல இருக்கறது மாதிரிதான் போச்சா?"

"ஆமா பாய்."

ஃபோர்மேன் விடவில்லை. "அப்போ கடைசியா இருக்கற மாதிரி ஓட்டறதுக்கு ஒரு நாள் முழுசா போய்டும் பாய். ஆஃப் டைம கொறச்சா சீக்கிரம் முடிச்சிடலாம்."

இந்த ஆஃப் டைம் என்னவென்று அவள் எனக்கு முன்பே சொல்லியிருந்தாள். பொறி விட்டுவிட்டுத்தான் விழும். இரண்டு பொறிக்கு நடுவே இருக்கிற ஓய்வில்தான் கெரசின் புகுந்து கரியைக் கழுவும். அந்த ஓய்வைக் குறைத்தால் கரி தங்கிவிடும். பொறி போன இடத்துக்கே போய் ஓட்டை போட்டுவிடும்.

"கொறச்சா சொத்தப் பல்லு மாதிரி குழி விழும்ண்ணா" என்றாள். "பழைய செம்புல ஓரமெல்லாம் தேஞ்சு போச்சு. புதுச் செம்பும் வேணும்."

பாய் போனை எடுத்தார். அந்தப் பக்கம் ஷூ கம்பெனி மேனேஜர். இவர் பேசியது வாசல் வரை கேட்டது.

"ஒரு நாள் குடுங்க சார்... இல்ல இல்ல, பொண்ணு மேல தப்பில்ல. அவ இன்னும் ஓட்டணும்னுதான் சொன்னா. நான்தான் ஈரத்துல தொட்டுப் பாத்துட்டு எடுக்கச் சொன்னேன். என் தப்பு சார்."

அவள் நேருக்கு நேராக மன்னிப்பை எதிர்பார்க்கவும் இல்லை, அவர் கேட்கவும் இல்லை. மறுநாள் காலையிலேயே புதுச் செம்பு வந்தது. அவள் ஓட்டினாள். நான் கெரசினை அன்றைக்கு மாதிரி என்றைக்கும் வடிகட்டியதில்லை, இரண்டு மடிப்புத் துணி போட்டு வடித்தேன். சாயங்காலம் பாய் வந்தார். மோல்டைப் பார்த்தார், கையை நீட்டினார், உடனே பின்னால் இழுத்துக்கொண்டார்.

"துடைச்சிக் குடும்மா" என்றார்.

சோல், உரித்த பழம் மாதிரி அச்சை விட்டு வந்ததாம். மறுநாள் மிஷின் சாவியை மேசை மேல் அவள் பக்கமாகத் தள்ளிவைத்தார் பாய். ஃபோர்மேன் ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை. அப்புறம் ஒரு நாள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு மிஷின் பக்கம் வந்தார்.

"ஏம்மா, அந்த மோல்டுக்கு ஆஃப் டைம் எவ்ளோ வெச்ச?"

"சொல்றேன்ண்ணா. வடை சுடற பொம்பளைகிட்ட கேக்கறீங்களே, பரவாயில்லையா?"

அவர் சிரித்துவிட்டார். இவளும் சொல்லிக்கொடுத்தாள். அந்தப் பட்டறை மூடுகிற வரைக்கும் அந்த மிஷின் அவளிடம்தான் இருந்தது. அப்படி ஒரு பெண்ணை வளர்த்தேன் நான்.

போதும், பேனாவைக் கீழே வை கண்ணு. கரண்டு, ஆஃப் டைம் எல்லாம் நான் சொன்ன மாதிரியே எழுதியிருக்கியா? ஒண்ணு மாறிப்போனாலும் உங்கம்மா என்னைத்தான் பிடிச்சுக்குவா. எங்கே, முதல்ல இருந்து ஒரு தடவை வாசி, ஆயா கேக்கறேன்.