அரிவாளை முக்கிப் பார்த்த தண்ணீர்

நாற்பது வருடம் திராட்சைக்கு மருந்தடித்தவனுக்கு ஒரு தொட்டித் தண்ணீர் அடங்காதா என்ற திமிர்தான் எனக்கு. கூடலூருக்குக் கீழே எங்கள் தோட்டத்தில் அரை ஏக்கர் பன்னீர்த் திராட்சைப் பந்தலைப் பிரித்துவிட்டு, என் மகன் இரண்டு அறைகளும் ஒரு நீச்சல் குளமும் கட்டியிருந்தான். தேக்கடிக்குப் போகிறவர்கள் தங்கிப் போவார்கள் என்று நம்பினான். அதற்காகப் பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வந்தவன்.

"இந்த மார்கழி, தை பாப்பேன்ப்பா. ஆள் வந்தா இங்கனயே இருந்துருவேன். இல்லேன்னா கிளம்பிருவேன்."

அவன் அம்மா போன பிறகு இந்த வீட்டில் நானும் டிவியும்தான். அவன் இருந்தால் போதும், எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

மார்கழி பிறந்ததும் குளம் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மழைத் தண்ணீர் கலந்ததோடு மலைக் குளிரும் சேர்ந்துகொண்டது, தினமும் ஒரு கலங்கல். அவன் காலையில் சின்னக் கண்ணாடிக் குழாயில் குளத்துத் தண்ணீர் பிடித்து மருந்துச் சொட்டு விட்டுப் பார்ப்பான். மஞ்சளானால் புளிப்பு அதிகம், ஊதாவானால் காரம் அதிகம், இளஞ்சிவப்பில் நிற்க வேண்டும். குளோரினைக் கொஞ்சமாகப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"இன்னுங் கொஞ்சம் போடேன்டா."

"குளிர் தண்ணி மருந்த மெதுவாத்தான்ப்பா எடுக்கும். போட்டுட்டு ஒரு நாள் பொறுக்கணும்."

சென்னையிலிருந்து ஒரு குடும்பம் மூன்று பிள்ளைகளோடு வருவதாக இருந்தது. அவர்கள்தான் முதல் விருந்தாளிகள். அதற்கு முந்தின நாள் காலை, ஜீப் பேசி வைக்க அவன் குமுளிக்குக் கிளம்பினான். "தண்ணியத் தொட்டுராதீகப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

அவன் போன கொஞ்ச நேரத்தில் குளத்தின் சுவரைத் தடவிப் பார்த்தேன். வழுவழுவென்று பச்சை கையோடு வந்தது. நாளைக்கு அந்தப் பிள்ளைகள் இதைப் பார்த்தால் இவன் பெட்டியைக் கட்டிவிடுவான் என்ற ஒரே நினைப்பு. மார்கழிப் பனியில் கொடியில் நோய் விழுந்தால் நாங்கள் என்ன செய்வோம்? செம்பு உப்பான மயில்துத்தத்தை ஒரு பானையிலும் சுண்ணாம்பை ஒரு பானையிலும் கரைத்து, ஒன்றாக ஊற்றி அடிப்போம். அதையேதான் இரண்டு டிரம் நிறையக் கலக்கினேன். கலவை சரிதானா என்று அரிவாளையும் முக்கிப் பார்த்தேன். செம்பு படிந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும் என்று அர்த்தம். படியவில்லை. கச்சிதம் என்று சொல்லிக்கொண்டு இரண்டு டிரம்மையும் குளத்தில் கவிழ்த்தேன்.

குளம் நீலப் பால் மாதிரி ஆகிவிட்டது. ஒரு முழத்துக்குக் கீழே படி தெரியவில்லை. குச்சியை விட்டுக் கலக்கினேன், மோட்டாரை ஓட்டினேன், வேண்டாத தெய்வமில்லை. வீரபாண்டித் தாய்க்குத் தீச்சட்டி எடுப்பதாகக்கூட நேர்ந்துகொண்டேன். தெளியவே இல்லை.

மதியம் வந்தவன் நேரே குளத்துக்குப் போனான். குழாயில் தண்ணீர் பிடித்துச் சொட்டு விட்டான். கத்திரிக்காய் நிறத்துக்கு வந்தது. ஓரத்தில் கிடந்த டிரம்மைப் பார்த்தான், அரிவாளைப் பார்த்தான்.

"முக்கிப் பாத்தீகளாப்பா?"

"பாத்தேன்டா. படியல."

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவனே சென்னைக்குப் போன் போட்டான். "தண்ணி குளிக்கிற மாதிரி இல்லீங்க. குமுளியில நல்ல இடம் பாத்துத் தர்றேன்" என்றான். என் பேரை எடுக்கவே இல்லை.

குளத்தை இறைத்துக் கழுவி நிரப்புவதற்குள் பொங்கல் விடுமுறை முடிந்துவிட்டது. வேறு யாரும் கேட்டு வரவில்லை. தை கடைசியில் அவன் பஸ் ஏறினான். ஏறும்போது அந்தச் சொட்டு மருந்துப் பெட்டியை என் கையில் வைத்தான்.

இப்போது அடுத்த மார்கழி. தினமும் காலையில் குளிரில் விரல் விறைக்கக் குழாயைப் பிடிக்கிறேன். கொஞ்சமாகப் போடுகிறேன், ஒரு நாள் பொறுக்கிறேன். இன்று சரியான இளஞ்சிவப்பு. அடியில் ஒரு நாணயம் கிடந்தால் பூவா தலையா என்று சொல்லிவிடலாம். போட்டோ எடுத்து அனுப்பி, "தண்ணி சரியாயிருச்சு, வாடா" என்று எழுதினேன்.

"சூப்பர்ப்பா. மூடி போட்டு வைங்க, இலை விழும்" என்று பதில் வந்தது. போய் மூடினேன்.