இத்தாலி ஜாக்கெட்

பத்திரிகைக்குப் பேட்டி எடுக்கப் போய் உட்கார்ந்ததுமே அந்த ராக் பாடகரின் தோல் ஜாக்கெட்டிலிருந்து எங்கள் ஆம்பூர் வீட்டு வாசனை வந்தது. “இத்தாலில வாங்கினது சார், கன்னுக்குட்டித் தோல்,” என்றார்.

அப்பா டேனரியில் தோலைத் தரம் பிரிப்பவர். எவ்வளவு சோப்புப் போட்டுக் குளித்தாலும் அந்த வாசனை அவருக்கு முன்னால் வீட்டுக்குள் வந்துவிடும். யார் வந்தாலும் முகத்தைப் பார்க்குமுன் செருப்பைப் பார்ப்பார். அக்காவைப் பெண் பார்க்க வேலூரிலிருந்து வந்தபோதும் அப்படித்தான். மாப்பிள்ளையின் தகப்பனார் வாசலில் கழற்றிய ஷூவை அப்பா கையில் எடுத்தார், மடக்கினார், மோந்தும் பார்த்தார்.

“இன்னாங்க இது, ரெக்சினு! ஜாஸ்தி வெல குடுத்து ஏமாந்துட்டீங்களே!”

“மானத்த வாங்குறாரே மனுசன்,” என்று அம்மா உள்ளே முனகினாள். நான் குளியலறைக்குள் ஓடித் தாழ் போட்டுக்கொண்டேன். வந்தவரோ சிரித்துவிட்டு, “அடுத்த ஷூவ நீங்களே பாத்து வாங்கிக் குடுங்க சம்பந்தி,” என்றாராம்.

கல்யாணம் நடந்தது. எல்லாருக்கும் போய்விட்ட வெட்கம் எனக்கு மட்டும் போகவில்லை. பிறந்த ஊரை மறைக்காதவனே கலைஞன் என்று இசைக்குழுக்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினேன். என்னைக் கேட்டவர்களிடம் சொந்த ஊர் சென்னை என்றேன்.

இதற்குள் என் கை தானாகப் போய்ப் பாடகரின் ஜாக்கெட் விளிம்பைக் கிள்ளி மடக்கியிருந்தது. “இது ஆட்டுத்தோலுங்க. ஏமாத்திட்டான்.”

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “அட, உங்களுக்கு எப்படி சார் தெரியும்?” என்று ஆசையாகக் கேட்டார். அப்பாவின் பெயரைச் சொல்ல இதைவிட நல்ல இடம் எனக்கு இனி வாய்க்காது.

“எங்கயோ படிச்சேன்,” என்றேன்.