வெளிச்சவீட்டில் அக்கா கேட்டது

முனைக்கு எங்கள் வாசலிலிருந்து நாலு மைல். கடற்கரையோடு நடக்கவேண்டும், வேறு பாதை கிடையாது. இந்தக் காலத்தில் படம் எடுக்கிறவர்கள் அங்கே போய், பாறையையும் கப்பலுக்கு வழிகாட்டும் வெளிச்சவீட்டையும் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார்களாம். நிற்கட்டும். நான் ஒரே ஒரு முறைதான் போனேன். திருகோணமலையில் ஜப்பான்காரன் குண்டு போட்ட வருஷம், அக்காவோடு. அதற்குப் பிறகு யார் கூப்பிட்டும் போகவில்லை.

அத்தானைக் காணாமல் அன்றைக்கு இருபதாவது நாள். பின்னேரம் தனியே வள்ளத்தில் தூண்டிலுக்குப் போனவர் திரும்பவில்லை. போகும்போது அக்காவோடு சண்டை. பிள்ளைக்குக் காய்ச்சல், இன்றைக்குப் போகவேண்டாம் என்று இவள் மறித்தாள். அவர் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டுப் போனார். ஊருக்கு அது போதாதா?

எங்கள் கரையில் ஒரு வழக்கம் இருந்தது. கடலுக்குப் போன ஆள் பொழுதுபட்டும் வராவிட்டால், வீட்டுப் பெண் அரிக்கன் லாம்பைக் கொளுத்தி வாசல் கம்பத்தில் தொங்கவிடுவாள். ஆள் கரையேறும்வரை அதை அணைக்கக்கூடாது. அக்காவும் தொங்கவிட்டாள். விடியும்போது அது எரிந்துகொண்டிருந்ததை ஊரே பார்த்தது. பார்த்துவிட்டுத் தீர்ப்பும் சொன்னது. விளக்கைக் கண்டும் வராதவன் வர மனமில்லாதவன். புல்மோட்டைப் பக்கம் ஒருத்தி இருக்கிறாள் என்று ஒரு கதையும் கிளம்பியது. அத்தானின் தாய் முகத்துக்கு நேரே சொன்னாள்: "உன்ர வாய்க்குப் பயந்துதான் அவன் போனவன்."

அக்கா பொட்டை அழிக்கவும் முடியாமல், வைத்துக்கொண்டு வெளியே போகவும் முடியாமல் இருந்தாள். அவளுக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்று. அவரைக் கடல் கொண்டுபோனதா, அவராகவே விட்டுப் போனாரா? வெளிச்சவீட்டுக்காரர் மேலே நிற்பவர், ஏதாவது கண்டிருப்பார், கேட்போம் வா என்று என்னை இழுத்துக்கொண்டு புறப்பட்டாள்.

எனக்குக் கால் வரவில்லை. ஏனென்றால் அந்த விளக்கைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாது.

அத்தான் போன அன்றைக்கு அக்கா இரண்டு நாளாக நித்திரையில்லாமல் பிள்ளையோடு கிடந்தாள். "விளக்கைப் பார்த்துக்கொள்ளடி" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாள். சற்று நேரத்தில், யுத்தகால இருட்டடிப்பைப் பார்க்க, ஊர் அதிகாரி விதானையார் வைத்த வெளியூர் ஆள் வந்து வாசலில் கத்தினான். "இறக்கு அதை! ஊரையே கொளுத்தப் போறியே?" குண்டு விழுந்த அன்று காலையில் நான் நகரத்தில் நின்றவள். அந்தச் சத்தம் அதற்குப் பிறகு என் காதைவிட்டுப் போகவே இல்லை. ஆனால் விளக்கை அணைக்கவும் பயம். என் புத்தியைப் பாருங்கள், எரிகிற விளக்கை அப்படியே கழற்றிக்கொண்டுபோய் வீட்டுக்குப் பின்னால் கோழிக்கூட்டுக்குள் வைத்துச் சாக்கால் மூடினேன். அணைக்கவில்லைதானே, வழக்கம் கெடவில்லைதானே என்று எனக்கு நானே சட்டம் பேசினேன். கோழிகள் விடிந்துவிட்டதென்று எழும்பிக் கொக்கரித்தன. அவன் போனதும் திருப்பி மாட்டுவோம் என்றுதான் நினைத்தேன். அப்போது வானத்தில் ஒரு இரைச்சல் கேட்டது. நான் கூட்டோடு ஒட்டிக் குந்தியவள், எழும்பவில்லை. வெளுக்கத் தொடங்கியபோதுதான் விளக்கைக் கொண்டுவந்து மாட்டினேன்.

சொன்னால் அத்தான் செத்தவர் ஆகிவிடுவார், கொன்றவள் நான் ஆகிவிடுவேன். சொல்லாவிட்டால் அவர் எங்கேயோ கெட்டவராக உயிரோடு இருப்பார். இருபது நாளாக அவரைக் கெட்டவராகவே வைத்திருந்தேன்.

வழி முழுவதும் மணலில் கறுப்பு எண்ணெய். குண்டு பட்டுத் தாழ்ந்த கப்பல்களின் சாமான்கள் ஒதுங்கிக் கிடந்தன. பலகை, தகரப் பேணி, ஒரு காலுக்குரிய சப்பாத்து. அந்தச் சப்பாத்தை நான் சுற்றிக்கொண்டு போனேன். அக்கா குனிந்து அதற்குள் எட்டிப் பார்த்தாள். ஏன் பார்த்தாள் என்று கேட்க எனக்குத் துணிவில்லை. கச்சான் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசியது. யாரோ பின்னால் வருவதுபோலத் தோன்றி இரண்டு தரம் திரும்பிப் பார்த்தேன். எங்கள் காலடிகள்தான் கிடந்தன.

வெளிச்சவீடு பட்டப்பகலிலும் செத்த வீடுபோல இருந்தது. மேலே கண்ணாடியைச் சுற்றிச் சாக்குக் கட்டியிருந்தார்கள். உள்ளே போனால் அலைச் சத்தம் சுவருக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்டது. வெளிச்சவீட்டுக்காரர் குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டுத் தனியே இருந்தார். பல நாள் கதைக்க ஆளில்லாததாலோ என்னவோ, குரலை அடக்கித்தான் பேசினார்.

"ஐயா, இருபது நாளைக்கு முந்தி ஒரு வள்ளம் கண்டனீங்களோ?" என்று அக்கா கேட்டாள்.

"இருட்டுக்க வள்ளத்தை எப்பிடிப் பிள்ளை காணுறது? இந்த விளக்கும் இப்ப எரியிறேல்லை. மேலிடத்து உத்தரவு." பிறகு அவர் எங்கள் ஊர்ப் பக்கம் கையைக் காட்டினார். "அண்டைக்கு அங்கால கரையில ஒரு சின்ன விளக்கு எரிஞ்சது. இந்தப் பக்கம் வேற வெளிச்சமே இல்லை. துணைக்கு அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தனான்."

"அது எங்கட வீட்டு விளக்கு" என்றாள் அக்கா. "விடிய விடிய எரிஞ்சது."

"இல்லைப் பிள்ளை. அண்டைக்கு எட்டு மணிபோல அது இல்லாமல் போட்டுது. நானும் என்னவோ ஏதோ எண்டு மேலயே நிண்டனான். வெளுக்கேக்கதான் திரும்ப எரிஞ்சது."

அக்கா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"அப்ப அவர் விளக்கைக் கண்டிருக்க ஏலாது" என்றாள்.

"ஏலாது."

"அப்ப அவர் என்னை விட்டிட்டுப் போகேல்லை."

அதைச் சொன்னபோது அவள் முகத்தில் வந்தது சந்தோஷம். சத்தியமாகச் சந்தோஷம்தான். அடுத்த கணம் அப்படியே குந்தியிருந்து, இருபது நாளில் முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள். பொட்டைத் தன் கையாலேயே அழித்தாள். வெளிச்சவீட்டுக்காரர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

திரும்பும் வழியில் நாலு மைலும் அத்தானைப் பற்றியே கதைத்தாள். கல்யாணத்துக்கு முதல் எங்கள் வேலியோரம் எத்தனை முறை வந்தார், சுறாப் புட்டென்றால் எப்படி அள்ளித் தின்பார் என்றெல்லாம். இப்போது கேட்பாள், இப்போது கேட்பாள் என்று நான் பின்னால் நடந்தேன். கேட்கவில்லை. அன்று மட்டுமல்ல, பிறகு ஒரே கூரைக்குக் கீழ் நாற்பது வருஷத்துக்கு மேல் இருந்தோம், ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். நானாகச் சொல்ல எனக்கு நெஞ்சு வரவில்லை.

கடைசியில் அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஒருநாள் பின்னேரம் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அண்டைக்கு இரவு நீ நல்லாப் பயந்திட்டாய், என்னடி?"

"ஓம் அக்கா" என்றேன்.